ரூபர்ட் என்ன முறை வேண்டும்?

786

சாங்வி, புனே
29 ஜனவரி 2007

டீச்சரம்மாவுக்கு அப்துல் மாலிக் எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிகள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிக் கிடக்கின்றன. 'ழ' வரும்போதெல்லாம் பேனா நின்று யோசிக்கிறது. அரபி எழுத்தை ஓதிப் பழகியவன் அல்லவா, வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு இன்லண்டு வீணாகிவிட்டது. இது இரண்டாவது.

இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. மகன் அனீஸ், "வாப்பா, சொல்லுங்க, நான் கம்ப்யூட்டர்ல அடிச்சு மெயில் போட்டுர்றேன்" என்றான். "அப்ப நான் எதுக்குல படிச்சேன்?" என்று கேட்டேன். போய்விட்டான். உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், புனேயில் பிறந்த பிள்ளைகளோடு பின்பெஞ்சில் உட்கார்ந்து 'அணில், ஆடு' படித்தது இதற்குத்தானே?

போனில் கூப்பிட்டேன். "மாலிக் பாயா?" என்று கேட்டீர்கள், வைத்துவிட்டீர்கள். திரும்பவும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மகள் ப்ரீத்திக்குப் பிரசவ நேரம், அதனால்தான் எடுக்கவில்லை என்று நினைத்தேன். ரேடியோ நிலையத்தில் நம் தமிழ் நிகழ்ச்சியை நடத்தும் பத்மநாபன் தம்பிதான், "பாய், டீச்சர் உங்க மேல செம கோபத்துல இருக்காங்க" என்றார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் அந்த ஆங்கிலக் கதையை ரேடியோ நாடகமாக எழுதி, கிளாராவின் தகப்பன் வேஷத்தை எனக்குக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போனீர்கள். ஐந்தாம் வாரத்துக்கான ஒலிப்பதிவு. கப்பலில் இருந்து வந்த ரூபர்ட்டை நான் மகளுக்குக் காட்ட வேண்டும். தாளில், 'கிளாரா, இவன் உன் கசின் ரூபர்ட்' என்று இருக்கிறது. நான் கூட்டிப் படித்தேன். "கிளாரா, இவன் உன் காசிம் ரூபர்ட்."

கிளாராவாகப் பேசும் வைஷாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், காசிம் இல்லே, கசின்!"

"அப்படின்னா?"

"அரே, சாச்சா கா பேட்டா!"

இந்தியில் சொன்னாலும் சாச்சா எனக்கு வீட்டுச் சொல்தானே. ரூபர்ட் என் தம்பி மகன் என்று விளங்கியது. சாங்வியில் கேட்கிறவர்கள் பாதிப் பேருக்கு மேல் இந்துக்கள், அவர்களுக்குச் சாச்சா என்றால் இந்திக்காரன் போல் இருக்கும். அதனால் மரியாதையாக, "கிளாரா, இவன் உன் சித்தப்பா மகன் ரூபர்ட்" என்றேன். பத்மநாபன் தம்பி அப்போது வெளியே தன் மகர்பட்டா ஆபீசோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பதிவு நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

நேற்று ஆறாம் வாரம் ஒலிபரப்பானதும் நிலையத்துக்குப் போன் மேல் போன் வந்ததாம். என்ன தப்பு நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்லண்டில் இடம் முடிந்துவிட்டது. பதில் போடுங்கள்.

அப்துல் மாலிக்

*

கோயம்புத்தூர்
3 பிப்ரவரி 2007

மாலிக் பாய்க்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

'கசின்' என்று நான் தமிழ் தெரியாமல் எழுதவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகப் பல வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் அத்தை மகனும் கசின், மாமன் மகனும் கசின், சித்தப்பா மகனும் கசின். நம் காதுக்கு முதல் இரண்டு பேர் மாப்பிள்ளை, மூன்றாவது ஆள் அண்ணன். கதையின் கடைசியில் கிளாரா ரூபர்ட்டைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவனோ தகப்பனுடைய தம்பி மகன். அதை மாற்றவும் முடியாது. அந்தக் குடும்பத்தின் கம்பளி ஆலை, வெல்பி என்ற குடும்பப் பேருடைய ஆணுக்குத்தான் போய்ச் சேரும் என்பதில்தான் கதையே நிற்கிறது.

அதனால்தான் மூடி போட்ட பாத்திரம் மாதிரி ஒரு சொல்லை வைத்தேன். கேட்கிறவர்கள் அவரவர் மனசில் அத்தை மகன் என்றோ மாமன் மகன் என்றோ நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். நீங்கள் மூடியைத் திறந்து எல்லோருக்கும் காட்டிவிட்டீர்கள்.

அது போதாது என்று வைஷாலி! நீங்கள் சித்தப்பா மகன் என்றதும் அந்தப் பெண் ஆறாம் வாரத்தில் தானாகவே 'ரூபர்ட் அண்ணா, ரூபர்ட் அண்ணா' என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்த ரூபர்ட் அண்ணா ஆற்றங்கரையில் கிளாராவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை' என்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில், குழந்தைகளோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டு கேட்கிறார்கள் ஜனங்கள். போன் வராமல் என்ன செய்யும்?

கல்லூரியில் படிக்கும்போது, ஆலைச் சங்கு ஊதும் இந்த ஊரில் உட்கார்ந்து அந்த நாவலைப் படித்தேன். அன்றிலிருந்து இதை நாடகமாக்க வேண்டும் என்று இருந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்லூரி வானொலியில் வாரம் அரை மணி நேரம் கிடைத்தது. எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு மைக் முன்னால் இஷ்டப்படி பேசுவது ஒழுங்கீனம். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்மநாபன் நாடகத்தை நிறுத்திவிட்டு இந்த வாரம் சினிமாப் பாட்டு போடுகிறார். மீதி இருப்பது இரண்டே வாரம். ஒன்று, கிளாரா ஆலைக்குக் கடன் கொடுத்த அந்தக் கிழட்டு பாங்குக்காரனைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உறவுச் சிக்கலை நான் அவிழ்க்க வேண்டும் என்கிறார். நான் அவிழ்க்கிறேன். ஏழாம் வாரத்தில் தகப்பன் சாகக் கிடக்கும்போது ஒரு வசனம்: 'கிளாரா, ரூபர்ட் என் தம்பிக்குப் பிறந்தவன் அல்ல. எடுத்து வளர்த்த பிள்ளை. அவன் உனக்கு அண்ணன் ஆகமாட்டான்.' இதைத் தயவுசெய்து எழுத்து மாறாமல் படியுங்கள்.

வனஜா

*

786

சாங்வி, புனே
9 பிப்ரவரி 2007

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டிப் படித்து முடிக்க ஒரு பகல் முழுவதும் ஆனது. 'ஒழுங்கீனம்' பெரிய சொல். ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் படித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்ட பிறகுதான் அது என்னைச் சொன்னது என்று தெரிந்தது.

நான் தாளில் இல்லாததைப் பேசியது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் வசனத்தை என்னால் பேச முடியாது.

காரணம் இதுதான். என் வீட்டுக்காரி ரஹ்மத் பீவி என் சாச்சா மகள். என் வாப்பாவின் தம்பி பெற்ற பெண். எங்களில் எல்லா வீட்டிலும் இப்படிச் செய்வதில்லை. எங்கள் வீட்டில் செய்தார்கள். மார்க்கத்தில் தடை இல்லை. மேலப்பாளையத்தில் ஒரே வளவில், அடுத்தடுத்த வாசலில் வளர்ந்தோம். நிக்காஹ் அன்று காலை வரை அவள் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

நாடகத்தை அவள் ஒரு வாரம்கூட விடாமல் கேட்டாள். நான் ரேடியோவில் இருமினால் இங்கே சுக்குக் காப்பி போடுவாள். ரூபர்ட் வந்த அன்று, "ஒங்களை மாரியே இருக்கான், வந்ததும் சோறு எங்கன்னு கேக்கான்" என்று சிரித்தாள். ஆறாம் வாரம் மாடி வீட்டில் இருக்கும் பவுன் என்ற பெண் நாடகம் கேட்க வந்திருந்தாள். கரூர்க்காரி, நல்ல பெண், எங்களுக்கு எல்லா ஒத்தாசையும் செய்கிறவள். ஆற்றங்கரைக் காட்சி வந்ததும் அவள், "என்னக்கா இது கண்றாவி? சித்தப்பன் மவன்னா கூடப் பொறந்தவன் கணக்கில்ல? சீ!" என்றாள்.

பவுனுக்கு எங்கள் சங்கதி தெரியாது. ரஹ்மத் பீவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பவுன் போன பிறகு என்னிடம், "அவ ரேடியோவத்தான் சொன்னா. எனக்கு ஏன் முகம் சுட்டுச்சுன்னு தெரியல" என்றாள்.

இப்போது நானே ரேடியோவில் போய், 'அவன் தம்பிக்குப் பிறந்தவன் அல்ல, அதனால்தான் கல்யாணம் செல்லும்' என்று சொன்னால் என்ன அர்த்தம்? தம்பிக்குப் பிறந்திருந்தால் செல்லாது என்றுதானே அர்த்தம்? அதை அவள் அடுப்படியில் உட்கார்ந்து என் குரலிலேயே கேட்க வேண்டுமா?

கிளாராவும் ரூபர்ட்டும் இருக்கிற முறையோடு கல்யாணம் செய்யட்டும். நூறு வருஷத்துக்கு முன்பே அந்த வெள்ளைக்காரர் எழுதிவிட்டாரே. நமக்கென்ன?

அப்துல் மாலிக்

*

கோயம்புத்தூர்
15 பிப்ரவரி 2007

மாலிக் பாய்க்கு,

உங்கள் மனைவியை நான் குறைத்து நினைப்பதாக நீங்கள் எண்ணினால் அது எனக்கு வருத்தம். அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கு.

ஆனால் இது உங்கள் வீட்டுக் கதை அல்ல. என் கதைகூட அல்ல. கேட்கிறவர்கள் ரேடியோவை அணைத்துவிட்டால் யாருக்காக நாடகம்? 'நமக்கென்ன' என்று நீங்கள் எழுதிவிடலாம். தினமும் பத்மநாபனிடம் திட்டு வாங்குகிறவள் நான். இங்கே ப்ரீத்திக்கு நாள் நெருங்குகிறது. டாக்டர் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்கிறார். சம்பந்தியம்மாள் சமையலறையில் என்னைக் கரண்டியைத் தொட விடுவதில்லை, ஆனால் நான் சும்மா உட்கார்ந்து எழுதுவதும் பிடிக்கவில்லை. "ரேடியோவுக்கா எழுதறீங்க? இந்தக் காலத்துல யாருங்க ரேடியோ கேக்கறாங்க?" என்று தினம் ஒருதரம் கேட்கிறார். துணி காயப்போடும் மாடியில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இந்த நிலையில் நீங்களும் முரண்டு பிடித்தால் எப்படி?

வசனத்தை நீங்கள் பேசவில்லை என்றால் பத்மநாபன் வேறு ஆளை வைத்துத் தகப்பன் வேஷத்தை முடித்துவிடுவார். சாகக் கிடக்கும் மனிதனுக்குக் குரல் கொஞ்சம் மாறினால் யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு அதில் இஷ்டம் இல்லை. முடிவை உங்களிடம் விடுகிறேன்.

வனஜா

*

786

19 பிப்ரவரி 2007

டீச்சரம்மாவுக்கு,

வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பத்மநாபன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். "பாய், நாடகம்தானே பாய், விடுங்க பாய்" என்று வாசல் வரை வந்தார். நாடகம்தான். என்னால்தான் விட முடியவில்லை.

ரஹ்மத் பீவி ரேடியோவைத் துணி போட்டு மூடி அலமாரி மேல் வைத்துவிட்டாள். எறும்பு வருகிறது என்கிறாள். ரேடியோவில் என்ன எறும்பு?

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். அதை மறக்க மாட்டேன். உங்கள் மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக துஆ செய்கிறோம்.

அப்துல் மாலிக்

*

கோயம்புத்தூர்
26 பிப்ரவரி 2007

மாலிக் பாய்க்கு,

ப்ரீத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். என் நாடகம் இடிந்து விழுந்துவிட்டது. உங்களால் அல்ல.

ரூபர்ட்டை வளர்ப்பு மகனாக்கி ஏழாம் வாரத்தை எழுதி முடித்தேன். நன்றாகத்தான் வந்தது. எட்டாம் வாரத்தைத் தொடங்கினால் வக்கீல் வந்து நிற்கிறார். ஆலை வெல்பி ரத்தத்தில் பிறந்த ஆணுக்குத்தான் என்கிறார். நான்தான் ரூபர்ட்டை அந்த ரத்தத்தில் இருந்து துரத்திவிட்டேனே! அவனுக்கு ஆலை கிடையாது. ஆலை இல்லாமல் பாங்குக்காரனை அவன் வெளியே அனுப்ப முடியாது. பாங்குக்காரன் உள்ளே வந்தால் கிளாராவுக்கு ஒன்று தெரு, இல்லை அந்தக் கிழவன். சரி, அத்தை மகனாக்குவோம் என்று பார்த்தால் அத்தை வழியில் வெல்பி என்ற பேர் வராது. மாமன் மகன் அதைவிடத் தூரம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். நம்மிடம் கைநிறையச் சொல். ஒன்றுகூட எனக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

மூன்று தடவை கிழித்துப் போட்டேன். கோபத்தில் ஒருநாள் கிளாராவையே காய்ச்சலில் சாகடித்தேன். மறுநாள் காலையில் பிழைக்க வைத்தேன்.

நேற்று ப்ரீத்தி பொழுது போகாமல் உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். புனேயில் வளர்ந்த பெண், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உங்கள் எழுத்து அவளுக்கு என் எழுத்தைவிடச் சுலபமாக இருக்கிறதாம். ஒவ்வொன்றாகத் தனித்தனியாக நிற்கிறது என்கிறாள். படித்துவிட்டு, "மம்மி, நிக்காஹ் வரைக்கும் அந்த ஆண்ட்டி அவரை அண்ணான்னு கூப்பிட்டாங்க. ஓகே. அப்புறம் என்னன்னு கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய ஒருத்தி, அந்த ஒரு நாளில், அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? இந்த நாடகத்தில் எனக்குத் தெரியாமல் இருந்தது அதுதான். நாவலில் அது இல்லை. ஆங்கிலத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

உங்களிடம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. வேறு ஆளை வைப்பேன் என்று எழுதியவள் நான். இருந்தாலும் கேட்கிறேன். அவர்கள் உங்களை என்ன கூப்பிட்டார்கள்?

வனஜா

*

786

5 மார்ச் 2007

டீச்சரம்மாவுக்கு,

பேத்தி பிறந்த செய்தி படித்து ரஹ்மத் பீவி சீனி வாங்கிவரச் சொல்லி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். மாடி வீட்டுக்கும் கொடுத்தாள்.

உங்கள் கேள்வியை அவளிடம் எப்படிக் கேட்பது? இரண்டு நாள் சுற்றி வந்தேன். கடைசியில் கடிதத்தையே அவள் முன்னால் வைத்துச் சத்தமாகப் படித்தேன். கேட்டுவிட்டு அவள் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு என்னையப் போயி காயிதத்துல இழுத்திய?"

"நாடகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டி இருந்துச்சு."

"ஊருக்கே வெளம்பிட்டிய. இனி அந்தம்மா மக வரைக்கும் தெரியும்."

"சொல்லக் கூடாத சங்கதியா அது?"

அவள் எழுந்து போய் உலையைப் பார்த்தாள். நான் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்தே, "எழுதிக்கிடுங்க" என்றாள். நான் பேனாவைத் தேடி எடுக்கும் முன் பேச ஆரம்பித்துவிட்டாள். மெல்லச் சொல், மெல்லச் சொல் என்று கெஞ்சி எழுதிக்கொண்டேன். அவள் சொன்னது இது:

"அன்னைக்கு ராத்திரிக்குப் பொறவு காக்கான்னு கூப்பிட நாக்குக் கூசிச்சு. வேற எப்பிடிக் கூப்பிடவும் நாக்கு வரல. வீடு நெறைய ஆளு. இவிய முன்னறையில இருப்பாவ, நான் அடுப்படியில. சோறு ஆயிருச்சுன்னு சொல்லணும். கதவு நாதாங்கிய மெல்ல ஆட்டுவேன். அம்புட்டுத்தான். இவியளுக்கு மட்டும் கேக்கும். வருவாவ. எங்க உம்மாகூட, கதவுல என்ன எலி ஓடுதான்னு கேட்டா. புனேக்கு வந்தப்ப கடுக்கிங்கற எடத்துல ஒத்த அறை. நடுவுல கதவே இல்ல. அப்பதான் வாயத் தொறந்து, இங்க பாருங்கன்னு சொன்னேன். ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

இதை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த நாதாங்கிச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் கூப்பிடச் சொல் இல்லாமல்தான் அதை ஆட்டினாள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

உங்களுக்கு உதவுமா என்று தெரியவில்லை. எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அப்துல் மாலிக்

*

கோயம்புத்தூர்
12 மார்ச் 2007

மாலிக் பாய்க்கு,

இரண்டு வாரத்து நாடகமும் இதோடு வருகிறது. ரூபர்ட் உங்கள் தம்பி மகனாகவே இருக்கிறான். வளர்ப்பு மகன் வசனத்தைக் கிழித்துவிட்டேன். தகப்பன் சாகும்போது வேறு ஒன்று சொல்கிறார்: 'என் தம்பி மகன் கையில் என் மகளைக் கொடுக்கிறேன். இரண்டு பேரும் எனக்கு அந்நியர் இல்லை.' இதை நீங்கள் பேசினால்தான் நன்றாக இருக்கும். மாட்டேன் என்றால் சங்கடப்பட மாட்டேன்.

கடைசிக் காட்சியில் கிளாரா ஆலை அறையின் கதவுக்கு வெளியே நிற்கிறாள். ரூபர்ட் உள்ளே. அவள், 'ரூபர்ட் அண்...' என்று தொடங்கி நிறுத்துகிறாள். பிறகு பேச்சே கிடையாது. நாதாங்கி ஆடும் சத்தம் மட்டும். உள்ளே நாற்காலி நகர்கிறது. கதவு திறக்கிறது. அதோடு இசை.

பத்மநாபனிடம் ஒரு மணி நேரம் போனில் சண்டை போட்டேன். "மேடம், மறுபடியும் போன் வரும் மேடம்." "வரட்டும். நம்பரை எனக்குத் திருப்பி விடு." "கிளாரா பேங்க்காரரையே கட்டிக்கட்டுமே, பிராப்ளம் இல்லையே?" "அப்படின்னா நீயே கட்டிக்கோ." கடைசியில், முன்னால் ஒரு அறிவிப்பு போட்டுக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தார். என்ன அறிவிப்பு என்று எனக்குச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அங்கே இல்லையே என்று ஆத்திரமாகவும் இருக்கிறது. இங்கே அந்த நிலையம் எடுக்காது, கேட்கவும் முடியாது.

ரஹ்மத் பீவி அவர்களிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அனுமதி கேட்காமல் அவர்கள் கதவை எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் பதிவுக்கு முன் பத்மநாபனிடம் சொல்லிவிடுங்கள், மாற்றிவிடலாம்.

வனஜா

*

786

சாங்வி, புனே
26 மார்ச் 2007

டீச்சரம்மாவுக்கு,

நேற்று மீதி இரண்டு வாரத்தையும் சேர்த்துப் போட்டு நாடகத்தை முடித்துவிட்டார்கள். நீங்கள் கேட்க முடியாது என்று எழுதினீர்களே, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். இந்த முறை இரண்டு இன்லண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

கதவை எடுத்துக்கொள்ளட்டும் என்று ரஹ்மத் பீவி சொல்லிவிட்டாள், ஆனால் நாதாங்கிக்குத்தான் முதல் தகராறு. நிலையத்துக் கதவு கண்ணாடிக் கதவு, தொட்டால் சத்தமே வராது. பத்மநாபன் தம்பி கம்ப்யூட்டரில் இருந்து ஒரு சத்தம் எடுத்துப் போட்டார், சிறைச்சாலை திறப்பது போல் இருந்தது. நான் பெட்டியும் பையும் விற்கும் எங்கள் கடையில் இருந்து ஒரு பழைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் "ஓ சாச்சா, காவாலா சால்லா கா?" என்று கேட்டார். ஊருக்குப் போகவில்லை, ரேடியோவுக்குப் போகிறேன் என்றேன். நம்பவில்லை. அந்தப் பெட்டியின் கொண்டிதான் உங்கள் நாதாங்கி.

தகப்பன் வசனத்தை எழுத்து மாறாமல் பேசினேன். ஒரே தடவையில் சரியாக வந்தது.

பிறகு பத்மநாபன் தம்பி அறிவிப்புத் தாளை நீட்டினார். உங்க குரல்லயே இருக்கட்டும் பாய் என்றார். 'இந்த நாடகத்தில் வரும் திருமண உறவு அயல்நாட்டு வழக்கம். நம் வழக்கம் அல்ல.' நான் மெல்லத்தானே படிப்பேன், 'நம்' வரைக்கும் வந்து நின்றேன்.

"தம்பி, இந்த 'நம்'முல நான் இருக்கேனா?"

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ பாய், நான் அப்படி யோசிச்சு எழுதல."

"தெரியும். அதான் கேக்கேன்."

வைஷாலி, "சார், அது வேணாம் சார், காட் டாலோ" என்றாள். வெட்டிவிட்டார். 'திருமண வழக்கம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும்' என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்தேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அடுத்த ஞாயிறு முதல் நாடகம் கிடையாதாம், நேயர் விருப்பப் பாட்டுதானாம். நீங்கள் அடுத்த கதைக்கு யோசித்து வைத்திருந்தால் அவரிடம் மறுபடி சண்டைதான். முகத்தைப் பார்த்தால் கேட்கிற மாதிரி தெரியவில்லை.

நேற்றுக் காலையில் ரஹ்மத் பீவி தானாகவே ரேடியோவை இறக்கித் துடைத்தாள். ஆனால் மாடியில் இருந்து பவுன் இறங்கி வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போகச் சொல்ல முடியுமா?

நான் செத்தேன். பவுன் 'உச்' கொட்டினாள். பாங்குக்காரன் ஆலையை அளக்க வந்தபோது அவனைத் திட்டினாள். கிளாரா கதவருகே வந்தாள். 'ரூபர்ட் அண்...' என்றாள். பவுன் கீரை ஆய்வதை நிறுத்தினாள். சத்தமே இல்லை, ரேடியோ நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கொண்டி ஆடியது. நான் ரஹ்மத் பீவியைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

இசை முடிந்ததும் பவுன் பெருமூச்சு விட்டாள். "அட, என்ன முறையோ என்னமோ போங்க. கட்டிக்கிட்டு நல்லா இருக்கட்டும். அந்த பேங்க்காரனுக்கு இவன் எவ்வளவோ தேவலாம்" என்றாள்.

அப்போது ரஹ்மத் பீவி, மெல்லக்கூடப் பேசவில்லை, எப்போதும் பேசுகிற மாதிரியே சொன்னாள். "இவியளும் எனக்குப் பெரிய வாப்பா மவன்தான் பவுனு."

பவுனின் கை கீரைக்காம்பிலேயே நின்றது. என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அக்கா, அன்னைக்கு நான்..." என்று இழுத்தாள்.

"அதுக்கென்ன இப்ப. கீரைய ஆய்."

பவுன் கொஞ்ச நேரம் ஆய்ந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, "அப்ப அந்தக் கதவு சத்தம் நீங்கதானாக்கா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இவ்வளவு நன்றாக முடிந்ததே, பேசாமல் இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டாள். நேற்று மாலையில் இருந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பெண் நாதாங்கியைப் பெட்டியை உடைப்பது போல் ஆட்டினாளாம். தான் அப்படி ஆட்டியிருந்தால் ஊரே எழுந்து வந்திருக்குமாம். ரூபர்ட் கதவைத் திறக்க அவ்வளவு நேரம் எடுத்திருக்கக் கூடாதாம், இவிய உடனே வருவாவ என்கிறாள். கல்யாணத்துக்கு ஆக்கிய சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையாம். இன்னும் நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதியே ஆக வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கோ விரல் வலிக்கிறது, இரண்டாவது இன்லண்டும் மடிக்கும் இடம் வரை வந்துவிட்டது. மீதிக் குறைகளை வருகிற வாரம் அவள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புகிறேன்.

அப்துல் மாலிக்